கள்ளன் பிடிக்கவா படிக்கிறீங்க?

கடந்த விடுமுறையில் சாச்சியின் மகளுடைய கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்பின் தெரியாத ஒரு மாமி, இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"மகள் கெம்பஸ்ல என்ன படிக்கிற?"

"சமூகவியல் மாமி. அதோட குற்றவியலும்."

"குற்றவியலா? என்னத்துக்கு, கள்ளன் புடிக்கவா?"

சஹனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உம்மா மாத்திரம் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் வைத்து, "இனிமே யாரும் கேட்டா ஆர்ட்ஸ் படிக்கிறண்டு மட்டும் சொல்லு" என்றார்.

அந்த மாமி மீது எனக்குக் கோபமில்லை. எனது வாப்பா இதைவிட அதிகம் கேட்டவர். சாதாரண தரத்தில் எட்டு ஏ எடுத்த பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, "ஆர்ட்ஸ் செய்றதுக்கு எட்டு ஏ எதுக்கு மகள்?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பல்கலைக்கழகம் கிடைத்து, எந்தப் பாடத்தில் சிறப்புப் பட்டம் செய்வது என்று தீர்மானிக்கும் கட்டம் வந்தபோது வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகக் கதைக்கவில்லை. கள்ளன், குடு, பொலிஸ், கோடு கச்சேரி எல்லாம் ஆண்கள் பார்க்கிற வேலை, ஒரு பொம்புளப் புள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்பது வாப்பாவின் வாதம். கலியாணம் பேசி வருபவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது உம்மாவின் வாதம். இரண்டும் அன்பிலிருந்து வந்த வாதங்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் சொல்வதும் கஷ்டமாக இருந்தது.

எமது கல்லூரித் தமிழ் மன்றத்தினர் இம்மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, அன்று வீட்டில் சொல்ல முடியாமல் போன பதிலை எழுதலாம் என்று நினைத்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எமது பிள்ளைகளில் சிலராவது சமூகவியலும் குற்றவியலும் படிக்க வேண்டும். அதிலும் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும். இது பொலிஸாருக்கு உதவி செய்வதற்காக அல்ல. எமது தெருவில் நடப்பது எமக்கே விளங்குவதில்லை என்பதற்காக.

உயர்தரத்தில் சமூகவியல் என்று ஒரு பாடம் இல்லை. புவியியல், அரசியல் விஞ்ஞானம், அளவையியல், இஸ்லாமிய நாகரிகம் எல்லாம் படித்துவிட்டு வருகிறோம். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் சமூகவியலை முதல் தடவை சந்திக்கிறோம். அது சமூக சேவை போல ஏதோ ஒன்று என்று நானும் நினைத்திருந்தேன். ஏழைகளுக்கு உலருணவுப் பொதி கொடுப்பது எப்படி என்று சொல்லித் தருவார்களாக்கும்! முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. "இந்த மனிதன் ஏன் இப்படிச் செய்தான்?" என்று நாம் வழக்கமாகக் கேட்கிறோம். சமூகவியல் வேறொன்றைக் கேட்கிறது: "இந்த இடத்தில், இந்தக் காலத்தில், இத்தனை பேர் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?"

இப்படிக் கேட்பது மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு இப்னு கல்தூனை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 1332இல் தூனிஸில் பிறந்த அவர், 1377இல் எழுதி முடித்த முகத்திமாவில் அரசுகள் எழுவதற்கும் விழுவதற்கும் மன்னர்களின் குணத்தை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. மக்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் பிணைப்பை, அவர் அஸபிய்யா என்று சொன்னதை, காரணமாகக் காட்டினார். பிற்காலத்தில் கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் காழியாக இருந்து நீதி வழங்கினார். நாம் அதிகம் பேசாத ஒரு விஷயமும் உண்டு. இளைஞராக இருந்தபோது பாஸ் நகரத்தில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அவரே சிறையில் இருந்தவர். நீதிபதியின் ஆசனத்தையும் சிறையின் தரையையும் ஒரே மனிதர் கண்டிருக்கிறார். குற்றவியல் படிக்கும் எவருக்கும் இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது என்று எனக்குப் படுகிறது.

இந்தப் பாடம் வெறும் பேச்சா, அல்லது அதனால் ஏதாவது பயன் உண்டா என்று வாப்பா ஒரு தடவை கேட்டார். நான் எமது நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொன்னேன். கொஞ்சம் கனமான விஷயம்தான், ஆனாலும் இங்கே எழுதுகிறேன்.

1995ஆம் ஆண்டளவில் உலகத்திலேயே தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு 47 பேரளவில். எமது மார்க்கத்தில் அது எவ்வளவு பெரிய பாவம் என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். எல்லா மதத்துப் பெரியவர்களும் உபதேசம் செய்தார்கள். காதல் தோல்வி, வறுமை, யுத்தம், இறைபக்தி குறைவு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். சட்டம் தன் பங்குக்கு, தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரைக் குற்றவாளி ஆக்கியது. ஆம், 1998 வரை எமது நாட்டில் அது தண்டனைக்குரிய குற்றம். வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவரிடம் பொலிஸார் வாக்குமூலம் எடுக்க வந்த காலம் அது. அவமானமும் வழக்கும் பயந்து எத்தனை குடும்பங்கள் ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பிந்தியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். எந்த ஊர்களில் நடக்கிறது? வீட்டில் எது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது? விவசாயக் கிராமங்களில், கோபத்தில் எடுத்த ஒரு நிமிட முடிவுக்கு, திரும்பி வர முடியாத அளவு கடுமையான விவசாய நஞ்சு பக்கத்திலேயே இருந்தது. அந்த நிமிடத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் தொடர்ந்து வாழ்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. 1995இல் மிகக் கொடிய நஞ்சுகள் தடை செய்யப்பட்டன. 1998இல் இன்னொன்று. பிறகு 2008 முதல் 2011 வரையான காலத்தில் மேலும் சில. அடுத்து வந்த இருபது வருடங்களில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 வீதத்தால் குறைந்தது. முயற்சிகள் அந்தளவுக்குக் குறையவில்லை, மரணங்கள்தான் குறைந்தன. மனிதர்களின் மனது மாறவில்லை, கடைத் தட்டில் இருந்த போத்தல் மாறியது. பல்லாயிரம் பேர் இன்று உயிரோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உபதேசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபதேசம் மட்டும் செய்துகொண்டிருந்த காலத்தில் யாரும் அந்தக் கடைத் தட்டைப் பார்க்கவில்லை என்கிறேன். வாப்பா ஒரு கடைக்காரர். இந்தக் கதை அவருக்கு விளங்கியது. "தட்டப் பாத்தாத்தான் வியாபாரம் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

கலைப்பீடம் என்பது என்னவென்பதையும் சிறிது சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்று ஒரு வகை உண்டு. பெரும்பாலும் சிறியவை, நான்கு வருடப் படிப்பு. எடுத்தவுடன் ஒரு துறைக்குள் தள்ளிவிட மாட்டார்கள். தத்துவம், கணிதம், வரலாறு, இலக்கியம், விஞ்ஞானம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிரதான பாடத்தைத் தெரிவு செய்வார்கள். எமது நாட்டில் பதினாறு வயதுப் பிள்ளையிடம் "பயோவா, மெட்ஸா, கொமர்ஸா?" என்று கேட்டு வாழ்க்கையை முடிவு செய்துவிடுகிறோம். அந்த அகலமான படிப்புக்கு இங்கே மிக நெருங்கி வரக்கூடியது கலைப்பீடம்தான். முதல் வருடத்தில் நான் சமூகவியலோடு பொருளியலும் மெய்யியலும் படித்தேன். புள்ளிவிபரவியலில் அழுதும் இருக்கிறேன். குற்றத்தைப் படிக்க இவை எல்லாம் தேவைப்படுகின்றன. கொஞ்சம் சட்டம், கொஞ்சம் உளவியல், நிறைய வரலாறு, தப்ப முடியாத கணக்கு.

அந்த வகைக் கல்லூரிகளில் ஒன்றான நியூயோர்க் மாநிலத்துப் பார்ட் கல்லூரி, சிறைச்சாலைகளுக்குள்ளேயே இந்தப் படிப்பை நடத்துகிறது. இலகுவாக்கிய பாடங்களை அல்ல, வெளியே உள்ள மாணவர்கள் படிக்கும் அதே பாடங்களை, அதே கண்டிப்போடு. 2015இல் அந்தக் கைதிகளின் விவாத அணி ஹாவர்ட் பல்கலைக்கழக அணியை வென்றது. விவாதப் போட்டிகளுக்குப் பெயர் போன எமது கல்லூரியின் தங்கைகளுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இனி, நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் ஒரு நானா இருந்தார். எனக்குச் சைக்கிள் பழக்கியவர் அவர்தான். அவருடைய உம்மாவை நான் பெரியும்மா என்று கூப்பிடுவேன். நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த வருடம், ஓர் இரவு பொலிஸார் வந்து நானாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் ஐஸ் இருந்ததாம். சிறிய அளவுதான், ஆனாலும் இருந்தது. விளக்கமறியலில் வைத்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியும்மா விடியற்காலையில் சோற்றுப் பார்சலோடு பஸ்ஸுக்குப் போவார். யாராவது கேட்டால் "கிளினிக்குக்குப் போறன்" என்பார். எங்கே போகிறார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் பல மாதங்கள் அந்தக் கிளினிக் என்ற சொல் எல்லோருக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை போலத் தொங்கியது. அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவர் வீட்டுக்கு யாரும் பலகாரம் அனுப்பவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் போகவில்லை.

நானா பிணையில் வந்தார். முன்பு வேலை செய்த கடையில் மறுபடி எடுக்கவில்லை. அதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஒருவருடைய போன் காணாமல் போயிருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லையாம், எல்லோரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்களாம். கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் வுழூச் செய்யும் இடத்தில், அதன் சொந்தக்காரர் வைத்த இடத்திலேயே இருந்தது. இதை வீட்டில் வந்து சொன்னவர் வாப்பா. சொல்லும்போது அவர் முகம் நன்றாக இருக்கவில்லை. நானா அதன் பிறகு எங்கள் பள்ளிக்கு வரவில்லை. ஜும்ஆவுக்கு அடுத்த ஊருக்குப் போனார். அங்கே அவருக்குப் புதிய சிநேகிதர்கள் கிடைத்தார்கள். எப்படிப்பட்டவர்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

என் பங்கும் இதில் உண்டு. ஒருநாள் ரியூஷன் முடிந்து வரும்போது கேற்றடியில் நின்ற நானா, "எக்ஸாம் எப்ப தங்கச்சி?" என்று கேட்டார். முன்பு நூறு தடவை கேட்ட கேள்வி மாதிரித்தான். நான் பதில் சொல்லாமல் குனிந்துகொண்டு நடந்தேன். உம்மா கதைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது உண்மை. ஆனால் அந்த நேரம் உம்மாவின் சொல் எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒரு வருடம் முடிவதற்குள் அவரை மறுபடியும் பிடித்தார்கள். இம்முறை அளவு கூட. "நாங்க அண்டைக்கே நெனச்சோம்" என்று தெருவே சொன்னது.

இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரை. ஹவார்ட் பெக்கர் என்ற சமூகவியலாளரைப் பற்றியது. சிகாகோவில் ஜாஸ் இசைக் குழுக்களில் பியானோ வாசித்துக்கொண்டே படித்தவர். 1963இல் வந்த அவருடைய நூலின் வாதத்தை என் சொற்களில் சொல்வதானால் இப்படி: ஒரு செயலைச் செய்வது வேறு, செய்தவன் என்ற பெயரைச் சுமப்பது வேறு. ஒருவனுக்குச் சமூகம் ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அவனுடைய மற்ற எல்லா அடையாளங்களையும் அது மூடிவிடும். அவன் மகன் இல்லை, தொழுகையாளி இல்லை, சைக்கிள் பழக்கியவன் இல்லை. நேர்மையாக வாழும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட, அந்தப் பெயருக்குப் பொருத்தமான கதவு ஒன்று மட்டும் திறந்தே இருக்கும். விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். பதில் சொல்லாமல் நான் கடந்து வந்த அந்தக் கேற் எனக்கு முன்னால் நின்றது.

நாங்கள் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019 ஏப்ரல் 21இல் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வந்த மாதங்கள் இம்மலரை வாசிக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அப்போது ஒன்பதாம் ஆண்டு. நகரத்தில் ஒரு கடை வாசலில், முன்னால் போன எத்தனையோ பெண்களை விட்டுவிட்டு, உம்மாவை மாத்திரம் நிறுத்திப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒரு குடை, பனடோல் அட்டை, தம்பிக்கு வாங்கிய பென்சில் பெட்டி. உம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். எவனோ செய்ததற்கு எங்களை ஏன் பார்க்கிறீர்கள் என்று அன்று ஒரு சமூகமாக நாங்கள் எவ்வளவு வேதனைப்பட்டோம். நாங்கள் யார் என்று விசாரிக்காமலே எங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று எத்தனை குத்பாக்களில் கேட்டோம்.

அதே நாங்கள், இரண்டு மூன்று வருடத்தில், ஒரு போன் காணாமல் போனதும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தோம். உம்மா பையைப் பொறுக்கிய அதே வருடங்களில்தான் நான்காவது வீட்டுப் பெரியும்மா சனிக்கிழமைகளில் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே அளவு விஷயங்கள் அல்ல என்று சொல்வீர்கள். உண்மை. நானாவிடம் ஐஸ் இருந்தது, உம்மாவின் பையில் பென்சில் பெட்டிதான் இருந்தது. ஆனால் பள்ளிவாசலில் போன் காணாமல் போன அன்று நானாவின் கையில் எதுவும் இருக்கவில்லையே.

இதை எழுதும்போது ஒரு தாய் என்னைக் கேட்பது எனக்குக் கேட்கிறது: "மகள், உங்கட தம்பிக்கு யாரும் குடு வித்தா இப்பிடித்தான் எழுதுவீங்களா?" நியாயமான கேள்வி. போதையால் பிள்ளையை இழந்த தாய்மார் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீருக்கு முன்னால் பெக்கரின் பெயரைச் சொல்ல எனக்கு நா எழாது. குற்றவியல் படித்தால் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவார்கள் என்ற எண்ணம் தவறு. தண்டனை வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தண்டனை முடிந்த மறுநாள் காலையில் அந்த மனிதன் எங்கே போவான் என்று கேட்கத்தான் சொல்லித் தந்தார்கள். அவன் திரும்பி வரப்போவது உங்கள் தம்பி நடக்கும் அதே தெருவுக்குத்தான். அந்தத் தெரு அவனை எப்படி வரவேற்கிறது என்பதில் உங்கள் தம்பியின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

சட்டமும் கல்லில் வெட்டியதல்ல. 2018 வரை எமது நாட்டில் எட்டு வயதுப் பிள்ளையைக்கூடக் குற்றவாளியாக நிறுத்தலாம். எட்டு வயது என்றால் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளை, எமது ஆரம்பப் பிரிவில் குருவி மாதிரி ஓடித் திரிவார்களே, அவர்கள். அந்த வருடம்தான் அதை 12 ஆக உயர்த்தினார்கள். பிள்ளைகளின் மனது எப்படி வளர்கிறது என்று படித்தவர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பெண் பிள்ளைகள் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் நாட்டின் சிறைச்சாலைகள் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. சிறைகளுக்குள்ளே போய், கைதிகளோடும் அதிகாரிகளோடும் கதைத்துச் செய்த ஆய்வு. இடநெருக்கடி முதல் மலசலகூடம் வரை எல்லாம் அதில் இருக்கிறது. அதற்குத் தலைமை தாங்கியவர் அப்போது ஆணையாளராக இருந்த அம்பிகா சற்குணநாதன், ஒரு தமிழ்ப் பெண். தமிழ் பேசும் கைதிகள் மொழி தெரியாத அதிகாரிகளிடம் படும் சிரமமும் அந்த ஆய்வு பேசும் விஷயங்களில் ஒன்று. பெரியும்மாவுக்குச் சிங்களம் கதைக்க ஓரளவு வரும், வாசிக்க வராது. நீதிமன்றத்திலும் சிறை வாசலிலும் அவர் கையில் கொடுக்கப்பட்ட தாள்களில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு தங்கை, தன் வீட்டு அவமானத்தை ஓர் ஆண் அதிகாரிக்கு முன்னால், தெரியாத மொழியில் எவ்வளவு சொல்லுவாள்? அந்த மேசைக்கு மறுபக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண் இருந்தால் எவ்வளவு மாறும்? நன்னடத்தை உத்தியோகத்தராக, சிறுவர் உரிமை உத்தியோகத்தராக, சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களத்தில், சட்ட உதவி வழங்கும் இடங்களில் அப்படிப்பட்ட மேசைகள் இருக்கின்றன. குடும்பத்தோடு இருந்துகொண்டே பார்க்கக்கூடிய வேலைகள் அவை.

வேலை பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டுக் கொழும்பு வீதிகளில் பதாகையோடு நிற்பதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பட்டம் முடித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் அக்காமாரை எனக்கும் தெரியும். சமூகவியல் என்ற பெயர் மட்டும் சோறு போடாது. இதைப் படிக்க விரும்பும் தங்கைகள் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் குற்றவியல் நூல்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவில்தான் உள்ளன, வாசிப்புப் பட்டியலில் பெரும்பகுதி ஆங்கிலம். குற்றவியலை ஒரு பட்டப் பாடமாகவே செய்ய விரும்பினால் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரியுங்கள். சமூகவியல் என்றால் பேராதனை, ஒலுவில், கிழக்கு, யாழ்ப்பாணம் என்று பல இடங்களில் இருக்கிறது. கணக்கை வெறுத்துக் கலைப்பிரிவுக்கு வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கணக்கு உங்களைத் தேடி அங்கேயும் வரும்.

எனது வாப்பா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் இப்போது கேள்வி கேட்கிறார், அது ஒரு முன்னேற்றம். உம்மாவின் கதை வேறு.

சென்ற நோன்பில் விடுமுறைக்கு வந்திருந்தேன். அஸருக்குப் பிறகு கஞ்சிச் சட்டியோடு பெரியும்மா வீட்டுக்குப் போனேன். கேற்றைத் திறந்தவர் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, அலுமாரிக்குள்ளிருந்து ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தார். சிங்களத்தில் வந்த கடிதம். பன்னிரண்டு நாளாக யாரிடம் வாசிக்கக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். வழக்குத் தவணை மாற்றப்பட்டிருந்தது. புதிய திகதி நோன்பு இருபத்தெட்டு. இரண்டு தடவை வாசித்துச் சொன்னேன். அவர் தன் விரல்களில் நாட்களை எண்ணினார்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா சமோசாவுக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு திறந்து, மஃரிப் தொழுது முடிந்த பிறகு முஸல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அண்டைக்கு அவ எத்தின மணி பஸ்ஸுக்குப் போறாவாம்? நோம்போட தனிய அவ்வளவு தூரம் போக ஏலாதே. நானும் வாறண்டு சொல்லு."